சிறுதேர்ச் சக்கரம்

சக்கரத்தின் நடுப்புள்ளி சுற்றுவதில்லை. லேத்தில் முகப்பு வெட்டும்போது இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். அறுபது மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியத் துண்டு, சக் என்ற தாடைப் பிடியில், நிமிடத்துக்கு 530 சுற்று ஓடுகிறது. டூல் விளிம்பைத் தொட்டு மெல்ல உள்ளே நகர்கிறது. விளிம்பில் உலோகம் நிமிடத்துக்கு நூறு மீட்டர் வேகத்தில் டூலைக் கடந்து போகும். பாதி தூரம் உள்ளே வந்தால் ஐம்பது. இன்னும் வந்தால் இருபது, பத்து. நட்டநடுவில் வேகம் என்று ஒன்றுமில்லை. அந்த இடத்தில் டூல் வெட்டுவதில்லை, சும்மா இருக்கிறது.

டூலின் நுனி அச்சின் உயரத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். கொஞ்சம் தாழ்ந்தாலும் நடுவில் சிறு மொட்டு ஒன்று வெட்டுப்படாமல் மிஞ்சும். உயரம் பார்க்க ஒரு பழைய வழி உண்டு. ஓடாமல் நிற்கும் துண்டுக்கும் டூல் நுனிக்கும் நடுவே மெல்லிய எஃகு அளவுகோலை வைத்து லேசாக அழுத்துவது. அளவுகோல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் தலை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் ஏறியிருக்கிறது. லண்டனின் வடமேற்கில், வீட்டுப் பின்புறக் கொட்டகையில், சனிக்கிழமைக் காலையில் நான் முதலில் செய்கிற வேலை இது. அதற்கும் முன்னால் மோதிரத்தைக் கழற்ற வேண்டும், கடிகாரத்தைக் கழற்ற வேண்டும், மணிக்கட்டில் கட்டிய கோவில் கயிற்றையும். சுற்றுகிற எதுவும் நூலைக் கண்டால் விடாது.

*

செய்வது ரேடியோவில் ஓடும் பொம்மைக் காருக்கான சக்கரம். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. பந்தய வண்டி அல்ல; பாறையிலும் வேரிலும் மரக்கட்டையிலும் ஊர்ந்து ஏறுகிற வகை, கிராலர் என்பார்கள். பந்தய வண்டிக்கு அலுமினியச் சக்கரம் பொருந்தாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுழலும் பொருளின் எடை அச்சை விட்டு விலக விலக அதை முடுக்கவும் நிறுத்தவும் கூடுதல் விசை வேண்டும். தூரம் இரு மடங்கானால் அந்தச் சுமை நான்கு மடங்காகும். பந்தயத்துக்கு நைலான் சக்கரமே நல்லது. ஊர்ந்து ஏறும் வண்டிக்கு எடை தரையோடு தரையாக இருக்க வேண்டும். சரிவில் கவிழாமல் காப்பது அந்தக் கீழ் எடைதான்.

டயரும் ஒரு காரணம். பிளாஸ்டிக் சக்கரத்தில் டயரைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். தேய்ந்த பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. உலோகச் சக்கரத்தில் டயரின் விளிம்பை வளையங்கள் திருகுகளால் இறுக்கிப் பிடிக்கின்றன. பாலைவனத்தில் காற்றைக் குறைத்து ஓட்டும் பெரிய ஜீப்புகளில் டயர் கழன்றுவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. பெயர் பீட்லாக்.

உலோகம் 6082. மக்னீசியமும் சிலிக்கானும் கலந்த அலுமினியம், இங்கே எந்த உலோகக் கடையிலும் கிடைக்கும். அறுபது மில்லிமீட்டர் கம்பியில் முப்பது அறுத்தால் 230 கிராம் கனக்கும். முடிந்த சக்கரம் நூறு கிராமுக்குக் குறைவு. பாதிக்கு மேல் சுருளாகத் தரையில் விழுகிறது. இரும்புச் சுருளோடு கலக்காமல் தனியே கூட்டி வைக்கிறேன். அலுமினியத்தை மண்ணிலிருந்து பிரித்தெடுக்கச் செலவாகும் மின்சக்தியில் இருபதில் ஒரு பங்கு போதும், பழையதை உருக்கி மீண்டும் கம்பியாக்க. இதை அறிந்த பிறகு ஒரு பிடிச் சுருளைக் குப்பையில் போடக் கை வரவில்லை.

பிக்காடிலி சர்க்கஸில் வில்லோடு நிற்கும் சிறகுள்ள சிலை அலுமினியம். 1893-இல் ஆல்ஃபிரட் கில்பர்ட் வார்த்தது. ஈராஸ் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சிற்பி நினைத்தது ஈராஸின் தம்பி ஆன்டெராஸை. அதற்கு ஏழு ஆண்டு முன்புதான், 1886-இல், மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் முறையை அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் ஹெரூவும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதுவரை அது விலைமதிப்புள்ள உலோகங்களோடு வைத்துப் பேசப்பட்டது. அந்தச் சிலைக்குக் கீழே பேருந்துக்கு நிற்கும்போது, ஒற்றைக் காலூன்றி நிற்கும் அந்த மெல்லிய உருவத்தை அண்ணாந்து பார்ப்பேன். வெண்கலத்தில் செய்திருந்தால் அந்தக் கணுக்காலில் மூன்று மடங்குக்கு மேல் எடை இறங்கியிருக்கும்.

*

ஆக்ஸ்போர்டு சர்க்கஸிலிருந்து இரண்டு நிமிடம் வடக்கே நடந்தால் மார்கரெட் தெரு. ஹென்றி மாட்ஸ்லி பட்டறை வைத்திருந்த தெரு. 1771-இல் வுல்விச்சில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் அங்கிருந்த படைக்கலச் சாலையில் தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் பையனாகச் சேர்ந்தார். பிறகு பூட்டுத் தொழிலில் பெயர்பெற்ற ஜோசப் பிராமாவிடம் வேலை. வாரம் முப்பது ஷில்லிங்குக்கு மேல் தர மாட்டேன் என்று பிராமா சொன்னதும் 1797-இல் வெளியேறி, ஆக்ஸ்போர்டு தெருவை ஒட்டிய வெல்ஸ் தெருவில் சொந்தமாகத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் அவர் செய்த மரை வெட்டும் லேத்து தென் கென்சிங்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேசை மேல் வைத்துவிடலாம், அவ்வளவு சிறியது. அதன் முன்னால் நான் நின்ற நேரம், பக்கத்தில் இருக்கும் பெரிய நீராவி எஞ்சின்கள் எதன் முன்னாலும் நின்றதில்லை.

அதற்கு முன் கடைசல்காரர் உளியைக் கையில் பிடித்து, ஒரு தாங்கியில் சாய்த்து, உடல் பலத்தால் உலோகத்தில் அழுத்துவார். மாட்ஸ்லி டூலை நழுவுமேடையில் இறுக்கி, திருகால் நகரச் செய்தார். அந்த யோசனை அவருக்கு முன்பே சிலருக்கு உண்டு. முழுக்க உலோகத்தால், அசையாத உறுதியோடு, நம்பத்தக்க திருகோடு அதை நிலைநிறுத்தியவர் அவர். டூல் கையை விட்டுப் போனது அங்கேதான்.

போனபின் கைக்கு என்ன மிச்சம்? இந்தக் கொட்டகையில் நான் அடிக்கடி நினைப்பது இது. என் லேத்து மைஃபோர்டு எம்.எல்.7, நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் 1946-இல் வெளிவரத் தொடங்கிய வகை. பழையதாக வாங்கினேன். அதன் கைச்சக்கரத்தில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கோடுகள் இருக்கின்றன. ஒரு கோடு 0.0254 மில்லிமீட்டர். மேடை நகரும், திருகு தள்ளும், அளவு கோட்டில் இருக்கும். கை செய்ய வேண்டியது அந்த வட்டப்பிடியை ஒரே சீராகச் சுற்றுவது மட்டுமே. ஆனால் சீராக என்பது கைக்குள் இருந்து வர வேண்டும். மனம் வேறெங்கோ போனால் வெட்டிய முகப்பில் அது வளையமாகத் தெரியும். ஒளியில் திருப்பிப் பார்த்தால் எந்த இடத்தில் கவனம் விலகியது என்று விரல் வைத்துச் சொல்லலாம். வேறு எந்த வேலையும் என் கவனத்தை இப்படி எழுதிக் காட்டியதில்லை.

*

ஜனவரியில் கொட்டகை ஐந்து டிகிரி. அப்போது முதல் வேலை லேத்தின் தண்டவாளத்தில் பூத்த ஈரத்தைத் துடைத்து எண்ணெய் தடவுவது. இந்த ஊரின் எதிரி குளிர் அல்ல. குளிர்ந்த இரும்பின் மேல் திடீரென்று வந்து படியும் வெதுவெதுப்பான காற்று. ஒரே இரவில் துரு ஏறிவிடும்.

நீளத்தை அளக்க உலகம் ஒப்புக்கொண்ட வெப்பம் 20 டிகிரி. ஒரு மீட்டர் அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இருபத்து மூன்று பங்கு வளர்கிறது. எஃகு அதில் பாதிதான் வளரும். ஐம்பது மில்லிமீட்டர் துண்டு வெட்டும் சூட்டில் இருபது டிகிரி ஏறினால் 0.023 மில்லிமீட்டர் கூடும். என் கைச்சக்கரத்தில் ஏறத்தாழ ஒரு கோடு. வளையம் சக்கரத்தில் உட்காரும் இடத்துக்கு நான் விடும் இடைவெளியே 0.02. ஆகவே சூட்டோடு அளந்து, அந்த எண்ணை நம்பிக் கடைசி வெட்டை எடுத்தால், ஆறியபின் வளையம் ஆடும்.

ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வேறு வழி கிடையாது. ஊதினால் ஒரு பக்கம் மட்டும் குளிரும். தண்ணீர் ஊற்றினால் சக்கில் துரு. நான் மைக்ரோமீட்டரையும் துண்டின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, அடுக்களைக்குப் போய் டீ போட்டுக்கொண்டு திரும்புகிறேன். உலோகம் தன் அளவுக்குத் திரும்பிவரும் அந்த நேரத்தில் செய்வதற்கு எதுவும் இல்லை, செய்யாமல் விட்டதும் எதுவும் இல்லை. வாரம் முழுக்க எனக்குக் கிடைக்காத நேரம் அது.

வெட்டும்போது தூரிகையால் மண்ணெண்ணெய் தொட்டு வைப்பேன். தொடாவிட்டால் அலுமினியம் டூலின் நுனியில் பற்றி ஒட்டிக்கொண்டு, அதுவே இன்னொரு மழுங்கல் டூலாகி முகப்பைக் கீறும். இங்கே அதைப் பாரஃபின் என்று விற்கிறார்கள். மூடியைத் திறந்தால் ரேஷன் கடை வரிசை.

*

மூன்று தாடை சக் துண்டை நன்றாகப் பிடிக்கும். நட்டநடுவில் பிடிக்கும் என்று நம்பக்கூடாது. டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் முள் ஆடும். ஒரு பக்கம் கடைந்து முடித்துத் திருப்பி மாட்டினால் இரு பக்க மையங்களும் விலகி நிற்கும். அப்படிப்பட்ட சக்கரம் ஓடும்போது தலையாட்டும்.

இதற்கு விடை மேண்ட்ரல். ஏதாவது ஒரு துண்டுக் கம்பியைச் சக்கில் மாட்டி, அங்கேயே சக்கரத் துளையின் அளவுக்குக் கடைய வேண்டும். எந்த மையத்தில் சுற்றியதோ அதே மையத்தில் கடையப்பட்டதால் அதற்கு ஆட்டம் இருக்காது. சக்கரத்தை அதில் செருகி, நடுத் திருகால் இறுக்கி, மறுபக்கத்தை வெட்டலாம். ஒரே நிபந்தனை: நான்கு சக்கரமும் முடியும்வரை மேண்ட்ரலைக் கழற்றக் கூடாது. கழற்றி மாட்டினால் பழைய இடத்தில் உட்காராது. வாரக்கணக்கில் சக் அதைக் கவ்வியபடியே இருக்கும். வேறு வேலைக்கு லேத்து கிடைக்காது, கிடைக்க வேண்டியதும் இல்லை.

நான்கும் ஒன்றுபோல் வர வேண்டும் என்கிற எண்ணத்துக்கும் மாட்ஸ்லிக்கும் உறவு இருக்கிறது. மார்க் புரூனல் வரைந்த இயந்திரங்களை அவர் இந்த நகரத்தில் செய்து போர்ட்ஸ்மத் கப்பல் தளத்துக்கு அனுப்பினார். பாய்மரக் கயிறு ஓடும் கப்பிகளைச் செய்யும் இயந்திரங்கள். கப்பிக்குள் இருப்பது ஒரு சின்னச் சக்கரம், லிக்னம் வைட்டே என்ற கடினமான மரத்தில் கடைந்தது. 1808-இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் அங்கே செய்யப்பட்டன. நூற்றுப்பத்து கைவினைஞர் வேலையைப் பத்துப் பேர் பார்த்தார்கள் என்பது கணக்கு. இயந்திரங்களால் பெருமளவில் ஒரே மாதிரிப் பொருளைச் செய்யத் தொடங்கிய முதல் இடங்களில் அது ஒன்று. செய்தது சக்கரத்தை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வேலையிழந்த அந்த நூறு பேரையும் மேண்ட்ரலில் அடுத்த சக்கரத்தைச் செருகும்போது நினைக்காமல் இருந்ததில்லை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் கையில் ஓர் உளிப்பிடி இருந்திருக்கும்.

*

அச்சு பொருந்தும் இடம் அறுகோணம். எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே 12 மில்லிமீட்டர், மூலைக்கு மூலை 13.86. சுற்றும் கட்டரால் கூர்மையான உள்மூலை வெட்ட முடியாது. அது எப்போதும் தன் ஆரத்தை மூலையில் விட்டுச் செல்லும். ஆறு மூலையிலும் முதலில் சிறு துளை போட்டுவிட்டால் அறுகோணத்தின் மூலை அந்தத் துளைக்குள் ஒளிந்துகொள்ளும். சுழல்மேசையின் கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஐந்து டிகிரி. பன்னிரண்டு சுற்றுக்கு ஒரு மூலை. எண்ணிக்கை உதட்டில் ஓடும்.

வளையத் திருகுகள் எம்2. பக்கத்துக்குப் பன்னிரண்டு, வண்டிக்குத் தொண்ணூற்றாறு. 1.6 மில்லிமீட்டர் துளையில், தீக்குச்சியைவிட மெல்லிய, மரை வெட்டும் டேப்பை விரலால் திருக வேண்டும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே வரும்போது சுருள் முறிவது விரல் நுனியில் தெரியும். தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும். டேப் உள்ளே முறிந்தால் சக்கரம் போயிற்று.

இவ்வளவு சிறிய திருகு தாங்குமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்று. திருகின் வெட்டுமுகம் நூறில் ஒன்று. எடை குறைந்த அளவுக்கு வலு குறைவதில்லை. சின்னப் பொருட்கள் தம் அளவுக்கு மீறிய உறுதியோடு பிறக்கின்றன. கலிலியோ இதை எலும்புகளை வைத்து எழுதினார்.

*

என் தாய்மாமன் கோயம்புத்தூர் கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். பம்ப் செட்டின் தண்டுகளைக் கடைவார். பள்ளி விடுமுறையில் அங்கே போய் உட்காருவேன். "சத்தத்தக் கேளு கண்ணு. டூலு மழுங்கறது கண்ணுக்குத் தெரியறதுக்கு முந்தி காதுக்குத் தெரியும்" என்பார். "சரிங் மாமா" என்பேன். அந்த வயதில் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்.

இப்போது கேட்கிறது. சரியான வெட்டுக்கு ஒரு தாழ்ந்த தொடர் ஒலி. டூல் மழுங்கத் தொடங்கினால் அதற்குள் ஒரு மெல்லிய கீச்சு நுழையும். துண்டு அதிரத் தொடங்கினால் ஒலி உடையும். கிரைண்டரில் மாவு பதம் வந்துவிட்டது என்பதை அடுத்த அறையில் இருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லும் அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று மாமா ஒருநாளும் சொல்லவில்லை. கேளு என்று மட்டும் சொன்னார். அதற்கு நன்றி சொல்லும் வாய்ப்பு கிடைப்பதற்குள் போய்விட்டார்.

இங்கே ஒட்டிய சுவர் வீடுகள். இரவு எட்டுக்கு மேல் லேத்தை ஓட்டுவதில்லை.  அதற்குப் பிறகு அரம், எமரி, விரல். விளிம்பில் மிஞ்சிய பிசிரை எடுப்பது. பளபளப்பைக் காக்க அலுமினியத்துக்கு அமிலக் குளியலை வீட்டில் செய்பவர்கள் இருக்கிறார்கள். 15 சதவீதத்துக்கு மேற்பட்ட கந்தக அமிலம் வைத்திருக்க இந்த நாட்டில் தனி மனிதருக்கு உரிமம் வேண்டும். நான் வெற்று உலோகமாகவே விட்டுவிடுகிறேன். கீறல் விழட்டும்.

*

பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் உணவு காய்கிறது. கொத்த வரும் கோழியை விரட்டப் பெண் ஒருத்தி காதுக்குழையைக் கழற்றி எறிகிறாள். அந்தக் குழை, குழந்தைகள் குதிரையில்லாமல் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரை வழிமறிக்கிறது. நகரத்தின் செல்வத்தைச் சொல்ல வந்த இடம் என்று உரைகாரர்கள் காட்டுவார்கள். எனக்கு அதில் சக்கரம் தெரிகிறது. அதைப் பாடிய உருத்திரங்கண்ணனார் தரையளவுக்குக் குனிந்து பார்த்திருக்கிறார். அந்தச் சக்கரத்தின் உயரத்தில் இருந்து பார்த்தால் ஒரு காதணி தடுப்புச் சுவர்.

ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர் உருட்டல். அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்கள் அரக்குச் சாயம் ஏற்றிய மரச்சொப்புகளை இன்னும் கடைகிறார்கள். நான் ஊரில் உருட்டியது நுங்கு வண்டி. 1976-இல் ஜப்பானின் தமியா நிறுவனம் தன் முதல் ரேடியோ காரை, போர்ஷே 934 வடிவில், வெளியிட்டது. குதிரை இல்லாத தேருக்கு உருட்டும் கையும் வேண்டாமல் போனது அப்படி. சக்கரம் மட்டும் தன் வேலையைத் தானே செய்ய வேண்டியிருக்கிறது: தோட்டத்தில் ஐந்து சென்டிமீட்டர் கூழாங்கல் அதற்கு அரை மீட்டர் பாறை. மெல்ல ஏறும். டயரின் பல் கல்லைத் தேடும். ஏறும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன்.

*

இப்படிப்பட்ட சக்கரங்கள் கடையில் கிடைக்கின்றன, விலையும் அதிகமில்லை. கணினி ஓட்டும் இயந்திரங்கள் என்னைவிடத் துல்லியமாக வெட்டும். இதை அறிந்தேதான் செய்கிறேன். இந்த நகரத்தில் இது புதிதும் அல்ல. 1898-இல் பெர்சிவல் மார்ஷல் லண்டனில் 'மாடல் இன்ஜினியர்' இதழைத் தொடங்கினார். வீட்டில் லேத்து வைத்திருப்பவர்களுக்கான சங்கமும் அதே ஆண்டில் அமைந்தது. அதன் மனை அவர் பெயரில் தென் லண்டனில் லஃபரோ ஜங்ஷன் பக்கம் இருக்கிறது. எழுத்தர்களும் மருத்துவர்களும் ரயில்வேக்காரர்களும் வேலை முடிந்து வந்து பித்தளை எஞ்சின் செய்த ஊர் இது. நான் அந்த வரிசையில் கணபதியிலிருந்து வந்து சேர்ந்தவன்.

நான்கு சக்கரமும் முடிந்துவிட்டன. மேண்ட்ரலைக் கழற்றவில்லை. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் உள்ளே பித்தளை வளையம் வைத்துப் பார்க்க வேண்டும். அலுமினியத்தைவிட மூன்று மடங்கு கனம், ஏற்றத்தில் முன்பக்கம் தூக்காமல் இருக்கும். பித்தளைக்கு டூலின் மேல்முகம் சரிவில்லாமல் தட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டூலை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு பழைய டூலை எண்ணெய்க் கல்லில் தேய்த்து வைத்திருக்கிறேன். வெளிவிட்டம் 44, உள்விட்டம் 36, அகலம் 8. கணக்குப்படி ஒன்று 34 கிராம் வர வேண்டும்.